கைப்பேசிக்கும் பொருத்தம் பார்த்தல் வேண்டும்

நமது அங்கத்தினர் இல்லங்களில் கைப்பேசி இல்லாத இல்லத்தைக் காண்பது இன்று அரிது. நூல் விலை அறியவும், கூலிப் பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்ததா என்று பார்க்கவும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தியும் மஞ்சளும் என்ன விலைக்குப் போயின என்று விசாரிக்கவும், வெளியூரில் படிக்கும் மக்களுடன் பேசவும் அஃது ஒன்றே கருவியாகிவிட்டது. 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு அவர்கள், டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராம் அவர்களுடன் பேசியதே இந்நாட்டில் நிகழ்ந்த முதற் கைப்பேசி உரையாடலாகும். அக்காலத்தில் அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பைக் கேட்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. செல்வர்க்கே உரியதாயிருந்த அப்பொருள் இன்று தறி மேடையிலும் வரப்பின் மீதும் இருக்கிறது.

ஆயினும், நூல் வாங்கும்போது நாம் காட்டும் விழிப்பைக் கைப்பேசி வாங்கும்போது காட்டுகிறோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 40-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்கவேண்டும் என்பதை நெசவாளர் அறிவர். சிட்டத்தின் மேலுள்ள சீட்டு எவ்வளவு அழகாயிருப்பினும், நம்பர் பொருந்தாவிடில் அந்நூலைத் தறியில் ஏற்றமாட்டார். கைப்பேசியை மட்டும் பெட்டியின் படத்தையும், காமிராவின் பெருமையையும், கடைக்காரரின் சொல்லையும் நம்பி வாங்கிவிடுகிறோம். அந்தக் கருவி நமது ஊருக்குப் பொருந்துமா, நாம் சந்தா செலுத்தும் நிறுவனத்திற்குப் பொருந்துமா, வீட்டிலுள்ள சார்ஜருக்குப் பொருந்துமா என்ற கேள்விகள், பணம் கொடுத்துத் திரும்பிய பின்னரே எழுகின்றன.

இவ்விஷயத்தில் நம்மிடம் வந்த ஓர் அங்கத்தினரின் நிலையைக் கூறுதல் பயனுடைத்து. அமெரிக்காவில் பணிபுரியும் அவருடைய மைந்தர், விடுமுறைக்கு வந்தபோது விலையுயர்ந்த கைப்பேசியொன்றைக் கொண்டுவந்து தந்தையார்க்கு அளித்துச் சென்றார். புதியது கிடைத்த மகிழ்ச்சியில் தந்தையார் பழைய கருவியை விற்றுவிட்டார். பின்னர் சிம் அட்டையைச் செருக முயன்றபோதுதான், செருகுவதற்குரிய துளையே அதில் இல்லை என்பது தெரிந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் ஐபோன்களில் சிம் அட்டைக்கு இடம் வைப்பதில்லை. கருவிக்குள்ளேயே பதியும் ஈ-சிம் என்ற முறைதான் உண்டு. சரி, ஈ-சிம் பெற்றுக்கொள்ளலாம் என்று முயன்றார், அதுவும் கைகூடவில்லை. தவணை முறையில் வாங்கிய கருவியாதலின், விற்ற நிறுவனம் தன் சேவையன்றிப் பிறருடைய சேவை அதில் இயங்காதபடி பூட்டி வைத்திருந்தது. தவணை தீரும்வரை பூட்டுத் திறவாது. அந்த வாரம் முழுவதும் வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்ணைப் பெற வழியில்லாமல், நூல் வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை அனுப்ப இயலாது அவர் பட்ட சங்கடம் சொல்லுந்தரமன்று. கருவியில் குற்றம் ஏதுமில்லை. கொடுத்தவர் அன்பிலும் குறைவில்லை. பொருத்தம் பார்க்கவில்லை என்பது ஒன்றே குறை.

ஆதலின், கைப்பேசி வாங்குமுன்னும் வாங்கிய பின்னும் பார்க்கவேண்டிய பொருத்தங்கள் சிலவற்றை இங்கு எழுதுகிறோம்.

ஊருக்கும் அலைவரிசைக்கும் பொருத்தம்

ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் அரசாங்கத்திடமிருந்து சில அலைவரிசைகளைப் பெற்று அவற்றின் மூலம் சேவை புரிகிறது. வானொலியில் ஒவ்வொரு நிலையத்திற்கும் ஓர் இடம் இருப்பது போன்றதே இது. அலைவரிசை எண் குறைவாக இருப்பின் அலை நெடுந்தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். எண் அதிகமாயின் ஏராளமான செய்தியைச் சுமக்கும்; ஆனால் தூரம் செல்லாது, சுவரைத் தாண்டுவதும் கடினம். டவருக்கு அண்மையில் வசிப்பவர்க்கு இவ்வேறுபாடு தோன்றாது. ஊரின் கடைக்கோடியில், மண்சுவர் வீட்டில் குழித்தறியில் அமர்ந்திருப்பவர்க்கும், தோட்டத்துக் கிணற்றடியில் நிற்பவர்க்கும் அது நன்றாகவே தெரியும்.

கருவியானது அந்த அலைவரிசையை வாங்கும் திறன் உடையதாயிருத்தல் வேண்டும். இத்திறனைப் 'பாண்டு' என்று எண்ணிட்டு, கருவியின் குறிப்புத் தாளில் அச்சிட்டிருப்பார்கள். 700 மெகாஹெர்ட்ஸ் என்பது 28-ஆம் பாண்டு. 850 என்பது 5-ஆம் பாண்டு. 900 என்பது 8. 1800 என்பது 3. 2100 என்பது 1. 2300 என்பது 40. ஜியோ நிறுவனத்தின் 4-ஜி சேவை 850, 1800, 2300 ஆகிய அலைவரிசைகளில் நடைபெறுகிறது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் சுதேசி 4-ஜி சேவைக்கு 700, 2100 ஆகியவை முக்கியமானவை. 28-ஆம் பாண்டு இல்லாத பழைய கருவியை வைத்துக்கொண்டு, 'புதிய டவர் வந்தும் பயனில்லையே' என்று வருந்துவோர், முதலில் குறிப்புத் தாளைப் பார்த்தல் நலம். வெளிநாட்டில் விற்பதற்கென்று செய்யப்பட்ட கருவிகளில் அந்நாட்டிற்குரிய பாண்டுகளே முதன்மையாக இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

பேச்சுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோ நிறுவனம், 2-ஜி, 3-ஜி என்ற பழைய முறைகளை வைத்துக்கொள்ளவே இல்லை. அதில் பேசுவதும் 4-ஜி வழியாகவே நடைபெறும். இதற்கு 'வோல்ட்டி' என்று பெயர். இவ்வசதியில்லாத பழைய பொத்தான் போனில் அந்த சிம் அட்டையைச் செருகினால் பேச இயலாது. முதியோர்க்கென்று எளிய கருவி வாங்கிக் கொடுப்போர் இதனைக் கேட்டுத் தெளிதல் அவசியம்.

இனி 5-ஜி. 2022 அக்டோபர் முதல் நாள் இந்நாட்டில் இது தொடங்கிற்று. பெட்டியின்மேல் 5-ஜி என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. 4-ஜியின் துணையைக் கொண்டு இயங்கும் 5-ஜி ஒருவகை. துணையின்றித் தனித்தே இயங்கும் 5-ஜி மற்றொரு வகை. ஜியோவின் சேவை தனித்து இயங்கும் வகையைச் சேர்ந்தது. கருவி அவ்வகைக்கு உரியதா, 28, 78 ஆகிய 5-ஜி பாண்டுகள் அதில் உண்டா என்று கேட்கவேண்டும். நமது ஊருக்கு 5-ஜி வந்திராவிடில், அதற்காக அதிக விலை கொடுப்பது அவசியந்தானா என்பதையும் நமக்கு நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இவ்வளவு எண்களையும் நினைவில் வைக்க இயலாதவர்க்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டை வைத்துள்ள அண்டை வீட்டார் இருவர் மூவரை அழைத்து, தறி இருக்கும் அறைக்குள்ளும், களத்திலும், தோட்டத்திலும் நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். எது தெளிவாகக் கேட்கிறதோ அதுவே உங்கள் வீட்டிற்குரிய சேவை. சேவையை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற கருவியைப் பின்னர் வாங்குதலே முறை. நம்மில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இதனால் விளையும் மற்றொரு நஷ்டத்தையும் கூறவேண்டும். டவர் தொலைவிலிருந்தால், கைப்பேசி தன் சக்தியை மிகுத்து அலையை அனுப்புகிறது. இடைவிடாது டவரைத் தேடுகிறது. அதனால் பாட்டரி விரைவில் தீர்கிறது, கருவியும் சூடேறுகிறது. 'சார்ஜ் நிற்கவில்லை' என்று பாட்டரியை மாற்றச் செலவிடுவோர் சிலரின் இல்லத்தில், குறை பாட்டரியில் இல்லை; சேவையின் பொருத்தமின்மையில் இருக்கிறது.

சார்ஜருக்கும் கேபிளுக்கும் பொருத்தம்

முன்னாளில் ஊருக்கொரு படி இருந்தது. ஓரூர்ப் படியில் அளந்த நெல் மற்றோரூர்ப் படியில் குறையும். குடியானவன் இதனால் அடைந்த நஷ்டம் கொஞ்சமன்று. 1956-ஆம் ஆண்டில் எடை அளவைச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக வந்த பின்னரே அத்தொல்லை நீங்கிற்று. கைப்பேசிச் சார்ஜர்களின் கதையும் அத்தகையதே. மெல்லிய முனை, தடித்த முனை, தட்டை முனை என்று கம்பெனிக்கு ஒரு முனையாக இருந்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. கருவி மாறினால் சார்ஜரையும் எறிய வேண்டியிருந்தது.

இன்று சி-வகை முனை எங்கும் பரவி வருகிறது. மேல் கீழ் என்ற பேதமின்றி எப்படிச் செருகினும் பொருந்துவது இதன் சிறப்பு. நமது நாட்டின் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் இதற்குரிய இந்தியத் தரத்தை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28-ஆம் நாள் முதல், புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசிகள் யாவும் இம்முனையைக் கொண்டிருக்கவேண்டும் என்று சட்டமாயிற்று. தனக்கெனத் தனி முனை வைத்திருந்த ஆப்பிள் நிறுவனமும் 2023 செப்டம்பரில் வெளியிட்ட கருவிகள் முதல் இதற்கு மாறியது.

முனை ஒன்றாகிவிட்டதால் எல்லாம் ஒன்றாகிவிட்டது என்று கருதுதல் கூடாது. இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அதில் 'அவுட்புட்' என்பதற்கு எதிரே வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 5 வாட். 5 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 15 வாட். 9 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 27 வாட். 5 வாட் சார்ஜரில் ஐந்தாறு மணி நேரம் எடுக்கும் கருவி, 20 வாட் சார்ஜரில் இரண்டு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் நிறைந்துவிடலாம்.

எத்தனை வோல்ட் தேவை என்பதைச் சார்ஜரும் கருவியும் தமக்குள் கலந்து பேசித் தீர்மானிக்கின்றன. இப்பேச்சுக்குப் பொதுமொழியாக அமைந்தது 'பவர் டெலிவரி' எனப்படும் முறை. சில கம்பெனிகள் இதற்குப் புறம்பாகத் தமக்கெனத் தனிமொழி வைத்திருக்கின்றன. 2014-இல் ஒப்போ நிறுவனம் கொணர்ந்த 'வூக்' என்ற முறை இத்தகையது. அதற்கு அந்நிறுவனத்தின் சார்ஜரும் கேபிளும் சேர்ந்தே வேண்டும். 80 வாட், 100 வாட் என்று விளம்பரம் செய்யப்படும் கருவியை அண்டை வீட்டுச் சார்ஜரில் போட்டால், இரண்டிற்கும் பொதுவான மெதுவான வேகத்திலேயே அது ஏறும். பழுதென்று எண்ணவேண்டாம். கேபிளுக்கும் அளவுண்டு. சாதாரண சி-வகைக் கேபிள் 3 ஆம்பியரைத் தாங்கும். அதற்கு மேற்பட்டதற்கு அடையாளச் சில்லு பொருத்திய கேபிள் வேண்டும். இருபது ரூபாய்க்குச் சந்தையில் கிடைக்கும் மெல்லிய கேபிளில் செம்புக் கம்பி எவ்வளவு இருக்கும் என்று நாம் சொல்லவேண்டுவதில்லை.

சார்ஜர், பவர் பாங்கு ஆகியவற்றை வாங்கும்போது தர நிர்ணய அமைவனத்தின் குறியும், 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். 'பிஸ் கேர்' என்ற அரசாங்கச் செயலியில் அந்த எண்ணைப் பதிந்து, அது மெய்யானதா என்று அங்கேயே அறியலாம்.

வீட்டில் மூவர் கைப்பேசி வைத்திருப்பின், பொதுமுறையில் இயங்கும் நல்ல சார்ஜர் ஒன்றும், உறுதியான கேபிள் இரண்டும் போதும். மின்சாரச் செலவைப் பற்றிக் கவலைப்படுவோர்க்கு ஒரு கணக்கு: 5000 மில்லி ஆம்பியர் பாட்டரியை நாள்தோறும் முழுமையாக நிரப்பினாலும், ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 10 யூனிட்டுக்குள் அடங்கும். ஆகவே செலவு மின்சாரத்தில் இல்லை. தரமற்ற பொருளை மீண்டும் மீண்டும் வாங்குவதில்தான் இருக்கிறது.

பாட்டரியைக் காத்தல்

கைப்பேசியிலுள்ள லித்தியம் அயனிப் பாட்டரி 1991-இல் சோனி நிறுவனத்தால் வணிகத்திற்கு வந்தது. இதனை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-இல் ரசாயனத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய நிக்கல் பாட்டரிகளைப் போல் இதனை முற்றிலும் காலியாக்கி நிரப்பவேண்டிய அவசியமில்லை. அடியோடு தீரவிடுவதும், எந்நேரமும் நூற்றுக்கு நூறாகவே வைத்திருப்பதும் இதற்கு ஆகா. 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருப்பின் நெடுநாள் உழைக்கும். 80-இல் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு பல கருவிகளில் இருக்கிறது, அதனை இயக்கிக்கொள்ளலாம்.

இதற்குப் பெரும் பகை வெப்பம். சித்திரை வெயிலில் வரப்பின் மீதோ, டிராக்டரின் மீதோ கைப்பேசியை வைத்துவிட்டு வேலை பார்ப்பதும், சூடாக இருக்கும்போதே சார்ஜ் ஏற்றுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். நிழலில் வைத்து ஆறவிட்ட பின் ஏற்றுவதே நன்று.

நெசவாளர் இல்லங்களில் தனியாக ஒரு தொல்லை உண்டு. காற்றில் பறக்கும் பஞ்சு கைப்பேசியின் துளைக்குள் சேர்ந்து இறுகிவிடுகிறது. கேபிள் முழுமையாக உள்ளே செல்லாமல் ஆடுகிறது. சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கிறது. துளை பழுதாயிற்று என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரிடம் நூற்றுக்கணக்கில் கொடுத்தோர் உண்டு. கருவியை அணைத்துவிட்டு, காய்ந்த மெல்லிய மரக்குச்சியால் மெதுவாக எடுத்தால் பஞ்சு வந்துவிடும். ஊசியையோ கம்பியையோ நுழைத்தல் ஆகாது. விவசாய அன்பர்கள் நீர் பட்ட கைப்பேசியை அரிசிப் பானையில் புதைத்து வைக்கிறார்கள். அரிசித் துகள் உள்ளே புகுந்து கேடு செய்யும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எச்சரித்திருக்கிறது. துளை கீழ்நோக்கும்படி பிடித்து மெல்லத் தட்டி நீரை வெளியேற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில் உலரவிடுவதே சரியான முறை. ஈரம் உலருமுன் சார்ஜ் ஏற்றலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானதொன்றைச் சொல்லியாக வேண்டும். இரவில் தலையணைக்கு அடியிலோ, நூல் மூட்டையின் மேலோ, பாவு சுற்றி வைத்த உருளையின் அருகிலோ வைத்து சார்ஜ் ஏற்றுதல் கூடவே கூடாது. பாட்டரி உப்பிக் கருவியின் முதுகு புடைத்திருப்பின், அன்றே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அதைக் குத்துதலும் அமுக்குதலும் தீயை விளைக்கும். ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு பஞ்சாகவும் நூலாகவும் துணியாகவும் ஓர் அறையில் இருக்கிறது. அதற்கு ஒரு பொறி போதும்.

கட்டணமும் எண்ணும்

கட்டணத் திட்டங்களில் மாதம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் 28 நாட்களே. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. ஆகவே ஆண்டிற்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்டுகிறோம். இதனைக் கருதியே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 30 நாள் திட்டம் ஒன்றையேனும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்கவேண்டும் என்று 2022-இல் விதித்தது. பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டமும் இருக்கவேண்டும் என்று 2024 டிசம்பரில் மற்றொரு விதி செய்தது. இணையம் தேவைப்படாத முதியோர்க்கு இது ஏற்றது. கடைக்காரர் தாமாக இவற்றைச் சொல்லாதிருக்கலாம். நாமே கேட்டுப் பெறவேண்டும்.

சேவை பொருந்தவில்லையெனில், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி 20-ஆம் நாள் முதல் நாடு முழுவதும் நமக்கு உண்டு. 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையும், ஓர் இடம் விட்டுத் தமது எண்ணையும் எழுதி 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதனையும் அடையாளச் சான்றையும் புதிய நிறுவனத்தாரிடம் அளித்தால், ஒரே வட்டத்திற்குள் மூன்று வேலை நாட்களில் மாற்றம் முடியும். தற்போதைய நிறுவனத்தில் 90 நாட்களேனும் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஆனால் எண்ணைக் கைவிடுவது வேறு விஷயம். ரீசார்ஜ் செய்யாமல் நெடுநாள் விட்டால் எண் துண்டிக்கப்படும். குறைந்தது 90 நாட்கள் கழிந்தபின் அது வேறொருவருக்கு வழங்கப்படலாம். அந்த எண் நமது வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் இருக்குமாயின், நமக்கு வரவேண்டிய ரகசியச் செய்தி முன்பின் அறியாத ஒருவர் கைக்குச் செல்லும். ஆகவே எண்ணை விடுவதாயின், முதலில் வங்கியிலும் பிற இடங்களிலும் மாற்றிவிட்டுப் பின்னர் விடவேண்டும்.

பழைய கைப்பேசி வாங்குவோர் நட்சத்திரக் குறி, ஹாஷ் குறி, 06, ஹாஷ் குறி என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று தோன்றும். அரசாங்கம் 2023-இல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், அது திருட்டுப் பொருளா என்பது விளங்கும். நமது கருவி களவு போயினும் அதே தளத்தில் அதனை முடக்கலாம். இதற்காகவே அவ்வெண்ணை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் இன்றே எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம்.

நாம் மேலே கூறியவற்றில் பெரும் படிப்பு வேண்டுவது எதுவுமில்லை. நூலின் நம்பரைக் கேட்பவர் பாண்டின் எண்ணையும் கேட்கலாம். விதையின் சீட்டைப் படிப்பவர் சார்ஜரின் முதுகையும் படிக்கலாம். அடுத்த முறை கைப்பேசிக் கடைக்குச் செல்லும் அங்கத்தினர், தமது சிம் அட்டையையும் வீட்டுச் சார்ஜரையும் உடன் எடுத்துச் சென்று, கடையிலேயே செருகி, பேசிப் பார்த்து, சார்ஜ் ஏறுவதைக் கண்ணால் கண்ட பின்னரே பணத்தை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டிலுள்ள மக்கள் கருவி கொண்டுவருவதாக எழுதினால், பூட்டில்லாததா, சிம் அட்டைக்கு இடம் உள்ளதா என்று முன்கூட்டியே விசாரித்துப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். புதியது நன்கு இயங்குகிறது என்று உறுதியாகும்வரை பழையதை விற்கவேண்டாம்.